சாத்தக் கூடாத கதவு

சரக்... சரக்... சரக்...

இருட்டிய பிறகு தெருவில் அந்தச் சத்தம் கேட்டதும் ஒப்பியா வாசலைப் பார்த்தாள். குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு ராத்திரியாவது தாழ்ப்பாள் போடட்டுமா? யாரோ என்னவோ..."

"எத்தனை தடவை சொல்றது?" நுமீரியஸ் சிடுசிடுத்தான். "நான் மக்கள் காவலன். ஊரை ஆளற கான்சலே அநியாயம் பண்ணினாலும் தடுக்கறதுக்குன்னு ஜனங்க ஓட்டுப் போட்ட ஆளு. ராப்பகலா இந்தக் கதவு திறந்தே இருக்கணும். அதான் ரோமாபுரிச் சட்டம். கொஞ்சம் பெரிய மனசு வேணும்டி!"

ஒப்பியாவுக்கு வெட்கமாகிவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே விழுந்தான். காலில் அறுந்த சங்கிலி. எதிர்த்தெருவில் செருப்புத் தைக்கும் பாப்பியஸ்.

"காப்பாத்துங்க ஐயா! மூணு போருக்குப் போயிட்டு வந்தவன் நான். நாலாவதுக்கு முடியாதுன்னதும் கான்சல் கசையடி கொடுக்கச் சொல்லிட்டார். சேவகங்க பின்னாடியே வர்றாங்க!"

"ரெண்டு பேர்ல எந்தக் கான்சல்?"

"வழுக்கைக்காரருங்க."

நுமீரியஸின் முகம் செத்தது. அடுத்த தேர்தலில் அவனை ஜெயிக்கவைப்பதாகச் சொல்லியிருப்பவர் அந்த வழுக்கைக்காரர்தான். ஓட்டுக் கேட்கப் போக, சுண்ணாம்பு தேய்த்து வெளுத்த டோகா அங்கி ஆணியில் தயாராகத் தொங்கியது.

வாசலில் கழிக்கட்டும் கையுமாகச் சேவகர்கள் வந்து நின்றார்கள். படியேறவில்லை. மக்கள் காவலர் வீட்டுக்குள் புகுந்தால் தெய்வக்குத்தம்.

"'தடுக்கிறேன்'னு ஒரே ஒரு வார்த்தை ஐயா!" பாப்பியஸ் கெஞ்சினான்.

நுமீரியஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"சத்தம் போடாதீங்கப்பா, அக்கம்பக்கம் முழிச்சுக்கும்" என்று அவன் குழைவது ஒப்பியாவுக்குக் கேட்டது. "நானே வெளியே அனுப்பறேன், கூட்டிட்டுப் போயிடுங்க. கான்சலை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க, என்ன?"

ஒப்பியா சட்டென்று குழந்தையைப் பாப்பியஸின் கையில் கொடுத்தாள். அவன் பதவிக்கு வந்து பத்து மாதமாகப் போடாத தாழ்ப்பாள். நகர்த்த இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

"ஏய் ஒப்பியா! திறடி! மக்கள் காவலர் வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது! சட்டம்!"

அவள் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"யாருக்காகத் திறந்து வைக்கணுமோ, அவர் உள்ளே வந்துட்டாருங்க."

தாழ்ப்பாள் விழுந்தது.