வலது கை ரெண்டு

"வலது கை ரெண்டு குடுப்பா" என்றாள் மாமியார்.

திருத்தல வாசலில் மெழுகுக் கடைக்காரன் கண், கால், கை என்று ஒரு ஆளையே பிய்த்துப் பரப்பியிருந்தான். எந்த உறுப்புக்கு வேண்டுதலோ, அதை வாங்கி மாதா காலடியில் வைக்க வேண்டும்.

ஒன்று மாமனாருக்கு. பெயின்டராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து வலது கை மடங்காமல் போய்விட்டது என்று வீட்டில் சொல்வார்கள். வருஷா வருஷம் மாமியார் அவருக்காக ஒரு கை வைப்பாள்.

இன்னொன்று தனக்கு என்று மருமகள் நினைத்தாள். ஆனால் போன மாதம் புருஷன் முறித்தது அவளுடைய இடது கையை. மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்குகிறது. எந்தக் கை என்றுகூட இந்தப் பொம்பளை பார்க்கவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மாதாவிடம் அவள் கேட்டது ஒன்றுதான். இந்த வலது கையாவது மிஞ்ச வேண்டும். கத்தரி பிடிக்கிற கையும் போனால் தையல்காரிக்குச் சோறு ஏது?

வெளியே, மாமனாரும் புருஷனும் காத்திருந்த மரத்தடியில் அடுப்பு மூட்டி, சோறாக்கி, பாய் விரித்தார்கள். அங்கே யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. பக்கத்துப் பாய்க்காரர் பொரித்த மீனைத் தட்டோடு நீட்டினார்.

"எடுத்துக்கம்மா, கூச்சப்படாதே."

அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். சிரித்ததுதான் குற்றமாகப் போயிற்று.

தட்டு பறந்தது. கறிக்கடைக்காரப் புருஷன் அவள் கொண்டையைப் பிடித்துத் தரையில் தள்ளி விலாவில் உதைத்தான்.

"கண்டவன் குடுத்தா பல்லைக் காட்டிட்டு வாங்குவியா?"

தடுக்க வந்த பாய்க்காரரின் மூக்கிலும் ஒரு குத்து விழுந்தது. ரத்தம் சோற்றில் சொட்டியது.

"இந்தக் கைதானே நீட்டுச்சு?" அவள் வலது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான்.

"ஐயோ, விடுங்க! அத்தே, நீங்களாவது சொல்லுங்க அத்தே!"

மாமியார் எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். மாமனார் தலை நிமிராமல் இடது கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தார்.

வலது கை ரெண்டு வாங்கியது இதற்குத்தானா! அம்மாவும் பிள்ளையும் பேசி வைத்துக்கொண்டுதான் கூட்டி வந்திருக்கிறார்கள். மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மடாரென்று எலும்பு முறிந்தது.

வலிக்கவில்லை. அலறியது புருஷன்.

கண்ணைத் திறந்தால் மாமியார் கையில் ஒரு விறகுக் கட்டை. பிள்ளையின் வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"பெத்த பிள்ளையவே அடிச்சுட்டாளே பாவி!" என்று அவன் மண்ணில் புரண்டான். "அப்பா, பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே!"

மாமனார் கொஞ்சம் நகர்ந்து பாயில் மகனுக்கு இடம் விட்டார்.

"கத்தாதேடா. நானும் ஒரு காலத்துல உங்கம்மா மேல கை வச்சவன்தான்."