இரண்டாம் பாகம் படு மோசம்

“ஏமாற்றம். காசைக் கரியாக்காதீர்கள்.”

புத்தகத்துக்குக் கீழே குத்தியிருந்த சிறிய அட்டையைப் படித்ததும் ஆர்வில் லிண்டுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் கடையில், அவர் விற்கிற புத்தகத்துக்கு, அவரிடம் சம்பளம் வாங்குகிறவள் எழுதிய அட்டை.

“டாக்னி! என்ன இது?”

“அட்டை.”

“அது தெரியுது. எடு.”

“மாட்டேன்.”

டாக்னிக்குப் பதினேழு வயது. சனிக்கிழமை மட்டும் கடைக்கு வருவாள். புதுப் புத்தகம் வெளியாகும் முன்பே பதிப்பகம் கடைக்கு ஒரு பிரதி அனுப்பும். அவள்தான் முதலில் படிப்பாள். படித்துவிட்டு, தன் கையால் நாலு வரி எழுதி வைப்பாள். ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வாங்கும்.

இன்று ‘துரு வானம்’ இரண்டாம் பாகம் வெளியாகிற நாள். கொடுங்கோல் அரசை எதிர்த்து நிற்கும் கெஸ் என்ற பெண்ணின் கதை. முதல் பாகத்தைப் படிக்காத பிள்ளை ஊரில் இல்லை. அதை நம்பி ஆர்வில் பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தார். இது போகாவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டக் கடைக்குத் தெம்பில்லை.

“அப்படி என்ன மோசம்? சொல்லு.”

“கதையை வெளியே சொன்னா வேலை போயிடும்னு சொன்னது யாரு?”

“இன்னிக்குத்தான் புத்தகமே வெளிய வந்தாச்சே!”

“வாங்க வர்றவங்க காதுல விழலாமா?” என்று கதவைக் காட்டினாள்.

பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு கோல்பி உள்ளே வந்தான். டாக்னியோடு படிக்கிறவன்.

“குப்பையாமே, மிஸ்டர் லிண்ட்?” என்று சத்தமாகக் கேட்டான். கேட்டுக்கொண்டே ஒரு பிரதியை எடுத்து, காசை வைத்து, புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகினான்.

“குப்பைன்னா ஏன்டா வாங்கறே?”

“எவ்வளவு குப்பைன்னு பாக்க வேணாமா?”

பின்னாலேயே இரண்டு பெண்கள். அவர்களும் திட்டினார்கள், வாங்கினார்கள், பைக்குள் ஒளித்தார்கள்.

“தூக்கம் வரலைன்னா உதவும், மிஸ்டர் லிண்ட்.”

வாங்கியவர்கள் போகவும் இல்லை. அலமாரிப் பக்கம் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார் ஆர்வில்.

அப்போது பிரிட்டா வந்தாள். டாக்னியின் உயிர்த்தோழி. அவள் கால் வைத்ததும் கடையே ஒன்றாகப் பேச ஆரம்பித்தது.

“கெஸ் சும்மா உக்காந்தே இருக்கா!”

“எந்தப் பையனைக் காதலிக்கறதுன்னு புத்தகம் பூரா யோசிக்கறா!”

பிரிட்டா அட்டையைப் பார்த்தாள். டாக்னியைப் பார்த்தாள்.

“நெஜமாவா? வருஷம் பூரா காத்திருந்தேனேடி.”

“உனக்கு நான் மோசமான புத்தகம் எப்பவாவது குடுத்திருக்கேனா? இதைத் தொடாதே. இந்தா, இதைப் படி.” நாய் படம் போட்ட ஒரு சிரிப்புக் கதையைக் கையில் திணித்தாள்.

“நீ சொன்னா சரி,” என்று சிரித்துவிட்டுப் பிரிட்டா போனாள்.

கதவு முழுசாகச் சாத்தக்கூட இல்லை. ஆர்வில் வெடித்தார்.

“ஏப்ரனைக் கழட்டு! என் கடையில நின்னு என் சரக்கைத் தொடாதேன்னு சொல்றியா? இன்னியோட உன் வேலை போச்சு!”

டாக்னி ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

“போறேன். அட்டை மட்டும் அங்கேயே இருக்கட்டும்.”

“ஏன்?”

டாக்னி போய்க் கதவை இறுகச் சாத்தினாள். பிறகு சொன்னாள்.

“முதல் அதிகாரத்துலயே கெஸ்ஸோட தம்பி உறைஞ்ச ஏரியைக் கடக்கறான். நடுவுல பனி உடைஞ்சுடுது.”

ஆர்வில் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரிட்டாவின் தம்பி நெல்ஸ், போன மார்ச்சில் மீன் பிடிக்க ஏரிமேல் போனான். பனி அவனைத் தாங்கவில்லை. அவன் அடக்கத்துக்கு ஆர்விலும் போயிருந்தார்.

“தனியா உக்காந்து அவ அந்தப் பக்கத்தைத் திருப்பக் கூடாது,” என்றாள் டாக்னி. “வாங்குங்க, படிங்க, ஆனா அவ காதுபடக் குப்பைன்னு சொல்லுங்கன்னு ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கோம்.”

“புத்தகம் நெஜமா எப்படி?”

“முதல் பாகமே இதுக்குக் கிட்ட நிக்காது.”

ஆர்வில் ஏப்ரனை எடுத்து அவள் பக்கம் வீசினார்.

“கட்டிக்கோ. பின்னால பெட்டி பிரிக்காம கிடக்கு. போ, போ.”

அவள் உள்ளே போனாள். மற்றப் பிள்ளைகளும் கலைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. பிரிட்டா.

“நீங்க கத்தினது வாசல் வரைக்கும் கேட்டுச்சு, மிஸ்டர் லிண்ட். டாக்னியை வேலையை விட்டு எடுக்காதீங்க.”

“எடுக்கலை. அவ சொன்னதுதான் சரி. நானும் படிச்சேன். படு மட்டம். நீ தொடாதே!” என்றார் ஆர்வில், விறைப்பாக.

பிரிட்டா உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“டுலூத் டவுன்ல ஒரு கடைக்காரர் வெளியீட்டுத் தேதியைக் கவனிக்காம முன்கூட்டியே வித்துட்டார். வாங்கிப் படிச்சுட்டேன். தம்பி போற இடத்துல நல்லா அழுதேன். எனக்கு அது வேண்டியிருந்துச்சு.”

ஆர்வில் திரும்பி அந்த அட்டையைப் பார்த்தார்.

“டாக்னிகிட்ட சொல்லிடாதீங்க, மிஸ்டர் லிண்ட். எல்லாரும் எனக்காக இவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொல்றாங்க. நான் நம்பாம இருந்தா எப்படி?”