பதினான்காவது பெயர்

தொலைபேசி திடீரென்று அலறியதில் நெர்மீனின் கையிலிருந்த தேநீர் தளும்பி மேசையில் கொட்டியது.

"எடும்மா, எடு. இதுவும் வாழ்த்தாத்தான் இருக்கும்" என்றார் வஜ்தி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் அவர். எகிப்தின் மன்சூரா நகரில் நெர்மீன் நடத்தும் இந்த ஓரறை அலுவலகத்துக்கு ஒரு பெட்டி பஸ்பூசா இனிப்போடு வந்திருந்தார். சங்கத்துக்கு இணையதளம் செய்து கொடுத்தவள் நெர்மீன். ஹஜ் குலுக்கலில் தேர்வான முப்பது பேரின் பட்டியல் போன வாரம் அதில்தான் வெளியானது. இந்த முறை வரிசையும் இல்லை, தள்ளுமுள்ளும் இல்லை. வஜ்திக்கு அந்தப் பெருமை தாங்கவில்லை.

அவள் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"சங்கத்துக்கு இணையதளம் செஞ்ச பொண்ணாம்மா?" வயதான, நிதானமான குரல்.

"ஆமாங்க ஹாஜியார், சொல்லுங்க."

"தலை நரைச்சா எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறீங்க. நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகலம்மா. ஒன்பது வருஷமா சீட்டுப் போடுறேன்."

வஜ்தி சிரித்தார்.

"பேரு ஃபத்ஹல்லா ஷினாவி. சங்கீத வாத்தியாரா இருந்தேன். கண்ணு தெரியாது. எழுத்தா இருந்தா என் போன் வாசிச்சுக் காட்டிடும். உங்க பட்டியலுக்குப் போனா 'படம், படம்'னு ஆறு தடவை சொல்லிட்டு வாயை மூடிக்குது. அந்தப் படத்துல என்னம்மா இருக்கு?"

நெர்மீன் பட்டியல் பக்கத்தைத் திரையில் வரவழைத்தாள்.

அந்தப் படங்களில் பெயர்கள் இருந்தன.

போன வாரம் பட்டியலை ஏற்றிப் பார்த்தபோது, பழைய கைப்பேசிகளில் அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் உதிரி உதிரியாகத் தெரிந்தன. சரிசெய்ய இரண்டு நாள் கேட்டாள். வஜ்தி தரவில்லை. "என் பேரையே இப்படி உடைச்சுப் போட்டிருக்கே. கிழவனுங்க என்னை உயிரோட விடமாட்டானுங்க. அழகா எழுதிப் படமாப் போட்டுடு."

போட்டாள். அழகாகத்தான் இருந்தது.

இணைய விதிகளைச் சரிபார்க்கும் கருவியில் பக்கத்தைக் கொடுத்தபோது அறுபத்து மூன்று பிழைகள் சிவப்பாக வந்து நின்றன. முதல் பிழையே, கைப்பேசி வாசித்துக் காட்டுவதற்கான சொற்கள் படங்களுக்குப் பின்னால் இல்லை என்பதுதான். அதை வஜ்தியிடம் காட்டவும் செய்தாள்.

"உள்ளே பிரிச்சு எவன்மா பார்க்கப் போறான்? நம்ம ஊர்ல எந்தத் தளம் உன் விதிப்படி இருக்கு, ஒண்ணு காட்டு."

"பார்வை இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க, உஸ்தாத்?"

"நம்ம சங்கத்துல அப்படி எத்தனை பேர்? ரெண்டு பேர் இருப்பானுங்களா? வீட்ல யாராவது படிச்சுக் காட்டுவாங்க."

அன்றைக்கு அவளுக்கும் களைப்பாக இருந்தது. ஆறு பெயர்களுக்கு ஒரு படம் என்று முப்பது பெயர்களுக்கு ஐந்து படங்களை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது மூன்றாவது படத்தைத் திறந்தாள். இரண்டாவது வரி. பதினான்காவது பெயர்.

ஃபத்ஹல்லா ஷினாவி.

தேர்வானவர்கள் 'நான் வருகிறேன்' என்ற பொத்தானை நேற்று மதியம் இரண்டு மணிக்குள் அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தாதவரின் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும். அந்தப் பொத்தானும் ஒரு படம்தான்.

வஜ்தியும் திரையைப் பார்த்துவிட்டார். பாய்ந்து வந்து, குரல் மறுமுனைக்குப் போகாதபடி தொலைபேசியில் ஒரு விசையை அழுத்தினார்.

"இல்லைன்னு சொல்லிடு."

"உஸ்தாத், பேரு இருக்கு."

"தெரியுது. நேத்தே எல்லாப் பேரும் அமைச்சகத்துக்குப் போயாச்சு. அவர் இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு, திரும்ப வாங்க முடியாது. இப்ப உண்மையைச் சொல்லி அந்த மனுஷனைக் கொல்லப் போறியா? அடுத்த வருஷமும் சீட்டுப் போடட்டும்."

"அவருக்கு அடுத்த வருஷம்..."

"அதுக்குத்தான் சொல்றேன். கிடைக்கலைன்னா மனசு ஆறிடும். கிடைச்சுப் போச்சுன்னு தெரிஞ்சா ஆறுமா?"

அவர் சொல்வது இரக்கம் மாதிரியும் இருந்தது. அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

"அம்மா, இருக்கியா?" என்றது குரல். "என் பேரு இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லு. அவசரமில்ல."

நெர்மீன் மறுபடி குரலைத் திறந்துவிட்டாள். முப்பது பெயர்களையும் படிக்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தாள்.

"பார்த்துட்டேங்க" என்றாள். "உங்க பேரு இல்ல."

மறுமுனையில் எங்கோ ஒரு வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

வஜ்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சரிம்மா" என்றார் ஃபத்ஹல்லா. குரலில் கோபமே இல்லை. "பதினாலாவதா என் பேரு இருக்குன்னு நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுச் சொன்னா. தெரியாம நடந்த தப்பா இருக்கும்னு நினைச்சுத்தான் உனக்குப் போன் பண்ணினேன்."