பிள்ளைக் காம்பராவில் ஒரு காலித் தொட்டில்

பகலில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, நெற்றியில் கூடைக்கயிறு அழுத்திய தடம்கூட மறையாமல், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா வாசலில் நிற்கிறாள் ஜெயந்தினி. அவளுடைய பழைய நீலச் சேலையில் கட்டிய தொட்டில் காலியாகத் தொங்குகிறது. அதன் அடியில், இரண்டு வயது மகள் கிருஷிகா கடித்துப் போட்ட ரொட்டித் துண்டில் எறும்பு ஏறுகிறது. தகரக் கூரையில் மழை சடசடக்கிறது. மற்றப் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

“அப்பாங்காரன் வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு,” என்கிறாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜோசப்பின்.

ஜெயந்தினியின் கையிலிருந்த வெறுங்கூடை நழுவி உருள்கிறது. “கைக்குழந்தையில விட்டுட்டுப் போன மனுசன், ஆயம்மா! கோர்ட்டு சொல்லியும் புள்ளைய வளக்கத் தாபரிப்புக் காசு கட்டல. அவருகிட்ட எப்படிங்க குடுத்தீங்க?”

“காசு கட்டலயேன்னு நானும் கேட்டேன். காசு வேறயாம், புள்ள வேறயாம், அவருக்கும் உரிமை இருக்காம். அப்பவும் நான் குடுக்கல. புள்ள பயந்து அழும், போங்கன்னேன்.” ஜோசப்பினின் குரல் இறங்குகிறது. “ஆனா கிருஷிகா பார்த்ததுமே ‘அப்பா’ன்னு தாவிருச்சே! பார்க்காத புள்ள எப்படித் தாவும்? வந்துபோய்த்தான் இருக்காருன்னு நெனச்சிட்டேன்.”

ஜெயந்தினி குடியிருக்கும் லயத்து அறைச் சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம் இன்னும் தொங்குகிறது. தகப்பன் முகம் தெரியாமல் பிள்ளை வளரக்கூடாதென்று, அந்திக்கு அந்தி, சாமி விளக்கை ஏற்றிய கையோடு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அதைத் தொடவைத்து, “யாரு இது? அப்பா சொல்லு, அப்பா,” என்று சொல்லிக்கொடுத்தவள் அவளேதான்.