கடைசிப் பெட்டி

மகன் எடுத்துக் கொடுத்த ஹோட்டல் அறை ஏழாவது மாடியில், ஸ்டேஷனைப் பார்த்தபடி இருந்தது. ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற சற்குணம் இருட்டும்போதுதான் கவனித்தார். ஜன்னலோர மேஜையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நேர் கீழே ஒரு ரயில் நகராமல் நின்றது. எந்த சுவிட்சை அமுக்கியும் விளக்கு அணையவில்லை. கதவருகே செருகியிருந்த சாவி அட்டையையே உருவினார். அறை முழுக்க இருண்டது. ரயில் கிளம்பியது.

"என்னங்க, மூச்சு இழுக்குது. இன்ஹேலர் எங்க இருக்குன்னு தெரியல, லைட்டப் போடுங்க," என்றாள் கட்டிலிலிருந்து மனைவி ரூபி.

"கொஞ்சம் பொறு. கடைசிப் பெட்டி போயிரட்டும்."

அட்டையை இறுகப் பிடித்தபடி ஜன்னலில் நின்று எண்ணினார். பயணிகள் ரயிலில் இருபத்துநாலு பெட்டிக்கு மேல் அவர் கண்டதில்லை. நாற்பத்தோராவது கடக்கும்போது, பின்னால் கட்டிலில் கேட்டுக்கொண்டிருந்த மூச்சிழுப்பு நின்றது.