தபால்பெட்டி மேல் ஒரு பொம்மை

நேற்று சாயங்காலம் சிவப்புத் தபால்பெட்டியின் தலையில் மாட்டிவிட்டு வந்த கம்பளிப் பொம்மையைக் காலையில் காணவில்லை. விசேஷத்துக்கு விசேஷம் அங்கே ஒரு பொம்மை பின்னி வைப்பது மேவிஸின் வழக்கம். இதுவரை ஒரு நூல்கூடக் களவு போனதில்லை.

ஊரில் எது காணாமல் போனாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார் கிழவர் டிக்பி. அவருடைய கடுகடுத்த முகத்தைப் பார்த்தே பாதித் திருடர்கள் உண்மையைக் கக்கிவிடுவார்கள். இன்றைக்கு மட்டும் அவர் வராமல் இருந்திருக்கலாம் என்று மேவிஸுக்குத் தோன்றியது.

"என்ன பொம்மை?" என்று உறுமினார்.

"சும்மா, ஒரு வயசானவரு."

"யாரு மாதிரி?"

"யாரு மாதிரியும் இல்லீங்க. வெள்ளை மீசை, கையில தடி. அவ்வளவுதான்."

"மூஞ்சி?"

"சிரிச்ச மூஞ்சிங்க."

"அங்கதான் கோளாறு. நாளைக்குக் காலையில தபால்பெட்டிகிட்ட வா, ஆளைக் காட்டுறேன்."

மறுநாள் பொம்மை தபால்பெட்டி மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் மேவிஸ் பின்னிய சிரிப்பை யாரோ பிரித்தெடுத்து, வாயைக் கறுப்பு நூலால் கீழ்நோக்கி வளைத்துத் தைத்திருந்தார்கள். பக்கத்தில் அதே மீசை, அதே தடி, அதே வாயோடு டிக்பி.

"உங்க எம்பதாவது பிறந்தநாளுக்குன்னு ஆசையா பின்னினேன். நீங்களே திருடிட்டுப் போயிட்டீங்களே."

"பின்ன? நான் இப்படிச் சிரிப்பேன்னு தெரிஞ்சா, இந்த ஊர்ல எந்தத் திருடன்மா உண்மையச் சொல்லுவான்?"