பிஸ்கட் டப்பாவின் மூடி

நெதர்லாந்தின் டெவென்டர் நகரத்து வீடொன்றின் சமையலறை மேசையில் கார்த்திகை வெயில் மெலிசாகக் கிடக்கிறது. ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்ததும் டீனெகா எப்போதும்போல் டப்பாவை அழுத்தி மூடிவிட்டாள். மருமகள் பினிதா ஜன்னலோரம் நின்று காட்மாண்டுவிலிருக்கும் தன் அம்மாவோடு ஸ்பீக்கரில் பேசுகிறாள். டீனெகா காப்பியைக் கலக்கும் சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் நேபாளி வகுப்புக்குப் போய்வருகிறாள். அவளுடைய டச்சு தொண்டையைச் செருமுவதுபோல் இருந்தாலும் உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும். இந்த நேபாளியோ வெண்ணெயாய் வழுக்குகிறது. யாரைத் திட்டுகிறார்கள் என்றே தெரிவதில்லை. இன்று ஒரே ஒரு கேள்வி தெளிவாக விழுகிறது: "சாப்பிட்டியா?" நேற்றும் அதைத்தான் கேட்டார்கள். கரண்டி நின்றுவிடுகிறது.

பினிதா போனை வைத்ததும் டீனெகா பிடித்துக்கொள்கிறாள். "ஏம்மா, நான் உன்னைப் பட்டினி போடுறேன்னு உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"ஐயோ அத்தை! எங்க பாஷை எப்போ கத்துக்கிட்டீங்க?"

"அதை விடு. தினமும் சாப்பிட்டியான்னு ஏன் கேக்குறாங்க?"

"அது சும்மா நலம் விசாரிக்கிறது அத்தை. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

டீனெகா அவள் முகத்தையே பார்க்கிறாள். சும்மா யாராவது கேள்வி கேட்பார்களா? பிறகு மூடியை நெம்பித் திறந்து, டப்பாவை மேசைமீது தள்ளுகிறாள்.

"இன்னொண்ணு எடு. நாளைக்குக் கேட்டாங்கன்னா, ரெண்டுன்னு சொல்லு. எனக்குப் புரியுற மாதிரி மெதுவாச் சொல்லு."